கழிமுனைக்குத் திரும்பிய சட்டைகள்

உலகம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று சுடத் தொடங்கிய வருஷத்தில், அந்தச் செய்தி கழிமுனை நாட்டுக்கு வந்து சேர நாற்பது நாள் ஆயிற்று. வந்து சேர்ந்ததும் சபையார் ஒன்பது பேரும் கூடி, வெற்றிலை போட்டு, துப்பி, மறுபடியும் போட்டு, நமக்கு எதற்கு இந்த வம்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதி, துறைமுகக் கோபுரத்தின் உச்சியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். காலையில் வடக்கு எல்லையில் நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டைத் தெற்கு எல்லையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் நாடு. சலவைக்காரர் வீடுகள் போக நானூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு ஆறு, ஒரு துறைமுகம், ஒரு சலவைத்துறை. படை என்று ஒன்று கிடையாது. கோபுரத்து வேட்டி கடல்காற்றில் பழுப்பேறும்போதெல்லாம் அதை இறக்கி வெளுத்துக் கொடுக்கும் பொறுப்பு கொளஞ்சியின் தலையில் விழுந்தது. ஆகவே இந்தப் போரில் அந்த நாட்டிலிருந்து முதலில் வேலைக்கு எடுக்கப்பட்டவள் அவள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

கொளஞ்சிக்கு நாற்பது வயது. உப்புத் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து ஆற்றோரம் போட்டிருந்த பதினாறு துவைகல்லில் முதல் கல் அவளுடையது. ஊர்த் துணிகளுக்குக் குறி போடுகிற வேலையும் அவளுடையது. அவள் புருஷன் அய்யாக்கண்ணு படகு தள்ளிக்கொண்டு போய், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் அழுக்கு எடுத்து வந்து, வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான். பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி அலுத்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. இருவரும் விடிந்தால் சண்டை போடுவார்கள், சோற்றில் உப்பு கூடியதற்கும் குறைந்ததற்கும் சண்டை போடுவார்கள், ஆனால் அவன் படகு தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கொளஞ்சிக்குக் கை ஓடாது. நாலு அடி அடித்துவிட்டு முகத்துவாரத்தைப் பார்ப்பாள், இன்னும் நாலு அடி அடித்துவிட்டுப் பார்ப்பாள், படகின் மூக்கு தெரிந்த பிறகுதான் துணி நிஜமாக வெளுக்கத் தொடங்கும்.

கழிமுனையில் துணி வெளுக்கப் போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. மூன்று புள்ளி ஒரு கோடு, இரண்டு கோடு நடுவில் புள்ளி என்று சேராங்கொட்டை மையில் கழுத்துப்பட்டையின் உள்பக்கம் போட்டுவிட்டால், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது, துணி எத்தனை வீடு சுற்றினாலும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். குறி இல்லாத துணி துறையில் இறங்கக் கூடாது. அந்த வீடுகளில் குறி இல்லாமல் ஒரே ஒரு துணிதான் உண்டு, அது செத்தவர் மேல் போர்த்துகிற கோடி.

போர் தொடங்கிய மூன்றாம் மாதம் இரண்டு பக்கத்துக் கப்பல்களும் தண்ணீருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் கழிமுனையில் ஒதுங்க ஆரம்பித்தன. அவர்களுடைய நாடுகளின் பெயர்கள் நீளமாகவும் வாயில் நுழையாததாகவும் இருந்தபடியால், ஊர் அவர்களைச் சாம்பல் சட்டைக்காரர்கள், பச்சைச் சட்டைக்காரர்கள் என்று நிறம் பார்த்து அழைத்தது. நடுநிலை தவறக் கூடாதென்று சபை கிழமை பிரித்துக் கொடுத்தது: திங்கள், புதன், வெள்ளி சாம்பல், செவ்வாய், வியாழன், சனி பச்சை, ஞாயிற்றுக்கிழமை ஊர்த் துணி. முதல் திங்கட்கிழமை அய்யாக்கண்ணு படகு நிறையச் சாம்பல் சட்டைகளைக் கொண்டுவந்து குவித்தபோது, கொளஞ்சி அந்தக் குவியலின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்கு இந்த ஊரில் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் குறி இல்லை, குறி போடாமல் வெளுத்தால் உயிரோடிருக்கிற பிள்ளைகளுக்குக் கோடி போர்த்தின மாதிரி ஆகிவிடுமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. நம்பர் போடு என்றான் அய்யாக்கண்ணு. நம்பர் ஆட்டுக்குப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் மைக்கொட்டாங்கச்சியை எடுத்து, முதல் தெரு முதல் வீட்டிலிருந்து தொடங்கி, வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று ஊர்க் குறிகளையே அவர்களுக்குப் போட்டுக்கொண்டு போனாள். கடைசித் தெரு முடிந்ததும் மறுபடி முதல் தெருவுக்கு வந்தாள். மறுநாள் பச்சைச் சட்டைகள் வந்தபோதும் அதே முதல் தெருவிலிருந்துதான் தொடங்கினாள். வருஷக்கணக்கில் கைக்குப் பழகிய வழி அது. அவளுக்கு அது தப்பென்றே தோன்றவில்லை, கழுத்துப்பட்டையை உள்ளே திருப்பிப் பார்க்கிற வழக்கம் சிப்பாய்களுக்கும் இல்லை.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பால்காரர் வந்து போன கையோடு, முதல் சட்டை கரையேறியது.

எண்ணெய்க் கடைக்காரர் பெண்சாதி மங்கவரத்தாள் வாசலில் கோலத்தின் கடைசிச் சுழியை இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாம்பல் சட்டையும் கால்சட்டையும், உள்ளே ஆள் இல்லாமல், ஆள் இருந்தால் எப்படி நடக்குமோ அப்படிக் கையை வீசிக்கொண்டு, கடலிலிருந்து தெருவுக்கு ஏறி, சொட்டச் சொட்ட வந்து, எதிர்வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, இவள் வாசலில் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்றது. நெஞ்சில் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, பூட்ஸை யாரும் வெளுக்கப் போடுவதில்லை அல்லவா. ஈரத்தோடு உள்ளே வராதே என்று மங்கவரத்தாள் அதைத் திட்டி, கொடியில் போட்டாள். வெயிலேற ஏற அது காய்ந்தது, காய்ந்த பிறகு மற்றச் சட்டைகளைப் போலச் சும்மா தொங்கியது. அதற்குள் தெருவே கூடிவிட்டது, கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்த யாரோ இது எண்ணெய்க் கடை வீட்டுக் குறியாயிற்றே என்றார்கள். கொளஞ்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து பார்த்து, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, இந்த வீட்டுச் சட்டைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அது எப்படிக் கடலைத் தாண்டி வந்தது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குறி போட்ட துணி வீட்டுக்குத் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்களைக் குடைந்த கேள்வி வேறு. இந்த வீட்டுக்குத் தீட்டு உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை நாள், எண்ணெய்க் கடையை அடைக்க வேண்டுமா, அடைத்தால் ஊர் எதில் தாளிப்பது என்று இரண்டு நாள் வழக்காடிய பிறகு, வீட்டுக் குறியோடு வந்தவன் வீட்டுப் பிள்ளைதான், பதினோரு நாள் என்று தீர்ந்தது. பெயர் தெரியாததால் மங்கவரத்தாள் அவனுக்குச் செங்கழனி என்று பெயர் வைத்தாள். சொந்தத் தம்பி செத்தபோது கூட அப்படி அழாதவள், முகம் பார்க்காத செங்கழனிக்காகத் தரையில் விழுந்து அழுதாள், அழ அழ அவன் தன் மடியில் வளர்ந்தவன் என்றே அவளுக்கு ஆகிவிட்டது. அந்த மாதத்தில் இன்னும் பதினேழு சட்டை வந்தன. பால் வாங்கின பிறகு தெருவில் சாமான் வைக்கக் கூடாது, அவை வந்தால் பிள்ளைகள் வழிவிட்டு நிற்க வேண்டும், தெரு தவறி வந்ததைக் கையைப் பிடித்துச் சரியான வாசலில் விட வேண்டும் என்று ஊர் தானாகப் பழகிக்கொண்டது. தையற்காரர் குண்டு ஓட்டைகளைக் கூலி வாங்காமல் இழையோட்டிக் கொடுத்தார்.

கேடு அதற்குப் பிறகுதான் வந்தது. எதிர்வீட்டு ராசாயாள் வாசலில் ஒரு பச்சைச் சட்டை வந்து நின்றது. ராசாயாளும் மங்கவரத்தாளும் இருபது வருஷமாக ஒரே டப்பாவில் கோலமாவு எடுக்கிறவர்கள். மங்கவரத்தாள் அவளிடம் துக்கம் கேட்கப் போனாள், போன இடத்தில் ராசாயாள், உன் செங்கழனி ஆட்கள்தானே என் பிள்ளையைச் சுட்டது என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு பேச்சை எப்படி அள்ளுவது. பத்து நாளில் தெருவுக்குத் தெரு சாம்பல் இழவு வீடு, பச்சை இழவு வீடு என்று பிரிந்து, குழாயடியில் வரிசை இரண்டானது, நிச்சயம் பண்ணின கல்யாணம் இரண்டு நின்றுபோயிற்று, நாவிதர் ஒரு பக்கத்துக்காரனுக்குப் பாதி தாடியோடு கத்தியை மடக்கிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உண்டு. சாம்பல்காரர்களின் தூதர், தடித்த கண்ணாடி போட்டவர், சாம்பல் இழவு விழுந்த வீடுகளுக்கெல்லாம் பிஸ்கட் டின்னோடு போய்த் துக்கம் விசாரித்து, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நியாயம் வேண்டாமா என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பல் இழவு வீடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவை சபையை நெருக்கின. சபைத் தலைவர் அம்பலவாணர் யாரிடமும் முகம் முறிக்கத் தெரியாத மனிதர். முதலில் சாம்பல்காரர்களுக்கு எலுமிச்சம்பழம் இரண்டு பங்கானது, பழம் யாரையும் கொல்லாது என்றார். அடுத்து அவர்களுடைய நிலக்கரிக்கு உப்புக் கிடங்கைத் திறந்துவிட்டார்கள், கரி கிடந்தால் கிடங்கு சண்டைக்குப் போய்விடுமா என்றார். அப்புறம் ஆழம் குறைந்த இடங்களில் கப்பல்களை இழுக்கப் பன்னிரண்டு படகு கேட்டார்கள். கயிறு கட்டி இழுப்பது போர் ஆகாது என்றார் அம்பலவாணர், அதுவும் சரிதான் என்று மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். படகு தானாகப் போகாது, ஆள் வேண்டும் என்பது தீர்மானம் எழுதி முடித்த பிறகுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது. பத்தாவது படகு அய்யாக்கண்ணுவுடையது.

"எட்டே நாளு. கயித்த இழுத்து வுட்டுட்டு வந்துருவேன்" என்றான் அவன்.

"அவனுங்க கயிறு எட்டு நாளுல முடியுமா மாமா" என்றாள் கொளஞ்சி. அதற்கு அவன், சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தும் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எட்டு நாள் இரண்டு மாதமானது. கயிறு இழுத்த படகுகள் பெட்டி ஏற்றின, பெட்டிக்குள் குண்டு இருந்தது, கரையிலிருந்து பார்த்தால் படகுகள் தெரியும், ஆட்களைக் கரையிறங்க விடவில்லை. பச்சைக்காரர்களிடமிருந்து கழிமுனை இனிமேல் எதிரி நாடு என்று நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. அந்த வாரம் வெளுக்க வந்த கோபுரத்து வேட்டியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. இப்படித்தான் கழிமுனை போருக்குள் போனது. எந்த நாளில் போனதென்று கேட்டால் சபையாருக்கே சொல்லத் தெரியாது.

தினமும் பால் நேரத்தில் கொளஞ்சி வாசலில் நின்று தெருவில் ஏறி வரும் சட்டைகளைப் பார்த்தாள். ஒரு நாள் அப்படி நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. சலவைக்காரர்கள் தங்கள் துணிக்குக் குறி போட்டுக்கொள்வதில்லை, யார் துணியோடு மாறிப்போகப் போகிறது. ஆகவே அய்யாக்கண்ணுவின் சட்டை வராது. அவன் செத்தாலும் வராது, அவன் செத்தது கூட அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஊர் முழுக்க, கண்ணால் காணாதவர்களுக்கெல்லாம் வீடு கொடுத்த கை, கட்டினவனுக்கு இரண்டு புள்ளி வைக்கவில்லையே என்று அவள் தன் வலது கையைத் துவைகல்லில் ஓங்கி அடித்தாள். வலித்தது. அந்த வலியோடு எழுந்து நேரே மங்கவரத்தாள் வீட்டுக்குப் போய், எதிர்வீட்டு ராசாயாளையும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள்.

"தப்பு என்னுது" என்றாள். "அவங்களுக்கு நாந்தான் ஊடு குடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் குடுக்கல, ரெண்டு பக்கத்துக்கும் எல்லா ஊட்டயும் குடுத்தேன். மங்கா, உன் ஊட்டுக்கு உசுரோட இன்னும் மூணு பேரு இருக்கான். ஒருத்தன் சாம்பலு, ரெண்டு பேரு பச்சை. ராசாயா, உனக்கு ரெண்டு சாம்பலு இருக்கான்."

மங்கவரத்தாள் அடிக்கத்தான் போகிறாள் என்று கொளஞ்சி நினைத்தாள். ஆனால் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, அந்தப் பச்சைப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள்.

கொளஞ்சி அவர்கள் முகத்தைப் பார்த்தவள் இல்லை, அழுக்கைப் பார்த்தவள். அது போதுமானதாக இருந்தது. ஒருத்தன் இடது கை மணிக்கட்டுத் துணியை எப்போதும் கடித்து வைப்பான், பயந்த சுபாவம் என்றாள். இன்னொருத்தன் நெஞ்சில் எப்போதும் குழம்புக் கறை, பேசிக்கொண்டே சாப்பிடுகிறவன் என்றாள். ராசாயாளின் சாம்பல்காரன் ஒருவன் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வான், கோணலாகத் தைப்பான், அம்மா இல்லாதவன் போலிருக்கிறது என்றாள். அடுத்த மூன்று நாளும் கொளஞ்சி துறைக்குப் போகவில்லை. வீடு வீடாக ஏறி, தப்பு என்னுடையது என்று தொடங்கி, உங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் இன்னார் இன்னார் இருக்கிறார்கள், ஒருத்தனுக்கு வியர்வை அதிகம், ஒருத்தன் கழுத்துப்பட்டையில் சந்தன சோப்பு வாசம் அடிக்கும், ஒருத்தன் பாக்கெட்டில் எப்போதும் வேர்க்கடலைத் தோல் கிடக்கும் என்று நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்லி முடித்தாள். சில வீடுகளில் திட்டினார்கள், சில வீடுகளில் அழுதார்கள், திட்டின வீடுகளில் பாதிப் பேர் அவள் படியிறங்குவதற்குள் கூப்பிட்டு, அந்தக் கடலைக்காரனுக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டார்கள்.

நாலாம் நாள் காலை சாம்பல் கப்பல்கள் பதினொன்றும் பச்சைக் கப்பல்கள் ஒன்பதும் கழிமுனைத் துறைமுகத்துக்கு வெளியே எதிரெதிராக வந்து நின்றன.

கழிமுனையில் போகிக்கு முதல் நாள் குறி கூவல் என்று ஒரு வழக்கம் உண்டு. கொளஞ்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு வீட்டுக் குறியாகக் கூவுவாள், அந்தந்த வீட்டுப் பெண் எங்கள் வீடு என்று குரல் கொடுப்பாள், இரவல் போனது, மாறிப்போனது, மறந்துபோனது எல்லாம் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். அன்று போகி இல்லை, பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. செத்தவனை விட்டுவிட்டுத் துணி வருகிறதே, உயிரோடிருக்கிறவனை ஏன் விட்டுவிட்டு வர வேண்டும், கூட்டிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டு அவள் முகத்துவாரத்தில் இறங்கினாள். பெண்கள் பின்னால் இறங்கினார்கள். போகி அல்லாத நாளில் கூவுவது முறையல்ல என்று அம்பலவாணர் கரையில் நின்று எடுத்துச் சொன்னார், அவர் பெண்சாதி அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள்.

"மூணு புள்ளி ஒரு கோடு" என்று கொளஞ்சி கூவினாள்.

"எங்க ஊடு" என்றாள் மங்கவரத்தாள்.

சாம்பல் கப்பலில் ஒருவனும் பச்சைக் கப்பலில் இருவரும் கழுத்துப்பட்டையைப் பிடித்து யாரோ இழுத்தது போல எழுந்து, பீரங்கியை விட்டு, கைப்பிடிக் கம்பியைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தார்கள். ரெண்டு கோடு நடுவுல புள்ளி என்றாள் கொளஞ்சி, எங்க ஊடு என்றாள் ராசாயாள், ஒத்தப் புள்ளி வளைஞ்ச கோடு என்றாள், எங்க ஊடு என்றார்கள், நாலு புள்ளி என்றாள், குறுக்குக் கோடு என்றாள், எங்க ஊடு, எங்க ஊடு, எங்க ஊடு என்று கரை முழுக்கக் குரல் எழுந்தது, ஒவ்வொரு குரலுக்கும் கடலில் நாலைந்து தலை முளைத்து, சாம்பலும் பச்சையுமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நீந்தி, தரை தட்டியதும் நடந்து, வெட்கமும் திகைப்புமாகக் கரையேறி, வழி கேட்காமல் அவரவர் வாசலுக்குப் போய் நின்றார்கள். பச்சைக் கடற்படையின் தலைவரும் சட்டை வெளுக்கப் போட்டவர்தான், அவர் பதக்கங்களோடு நாவிதர் வீட்டு வாசலில் வந்து நின்று நாற்காலி கேட்டார். மணிக்கட்டைக் கடிக்கிறவனை மங்கவரத்தாள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். படகுக்காரர்கள் பதினொரு பேரும் தங்கள் வீட்டுக் குறிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உலகத்தில் போர் நடந்தது, ஆனால் கழிமுனைக்கு வெளியே அந்தக் கப்பல்கள் சுட ஆளில்லாமல் துருப்பிடித்து நின்றன, குழாயடி வரிசை ஒன்றானது, நின்றுபோன கல்யாணம் இரண்டும் நடந்தன. கழிமுனை எந்தப் பக்கம் சேர்ந்தது என்று பிற்பாடு யாராவது கேட்டால், நாங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்தோம் என்று அங்கே சொல்வார்கள்.

அன்றைக்கோ, நானூற்றுப் பன்னிரண்டு குறியும் கூவி முடித்தபோது உச்சிவெயிலாகிவிட்டது, கொளஞ்சிக்குத் தொண்டை போயிருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, இலை போடுகிற சத்தம் கேட்டது, தண்ணீரில் அவள் மட்டும் நின்றாள். கூவுவதற்குக் குறி எதுவும் மிச்சமில்லை. உள்ளே வா, இங்கே சாப்பிடு என்று மங்கவரத்தாள் வந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பன்னிரண்டு படகில் ஒன்று வரவில்லை என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஒரு சாம்பல் கப்பலின் மறைவிலிருந்து அந்தப் படகின் மூக்கு தெரிந்தது. நீரோட்டத்துக்கு எதிராக, அங்குலம் அங்குலமாக, அய்யாக்கண்ணு துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம் துடுப்பில் வழிந்தது. குண்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கடலில் இறக்கிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். படகில் புதிதாகப் படையில் சேர்ந்து, இன்னும் ஒரு துணி கூட வெளுக்கப் போடாத சிப்பாய்கள் ஆறு பேர், நாலு சாம்பலும் இரண்டு பச்சையும், குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி கழுத்தளவு தண்ணீர் வரை போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் சட்டையில ஒண்ணுமே போடலியே மாமா, எப்பிடி வந்த" என்றாள், குரலே இல்லாமல்.

"எப்பிடி வருவாங்க, துடுப்புப் போட்டுத்தான்" என்றான் அவன். பிறகு பின்னால் இருந்தவர்களைக் காட்டி, "ரெண்டு பக்கத்துக் கப்பல்லயும் எல்லாரும் பூட்டாங்க, இவங்கள யாரும் கூப்பிடல, உக்காந்து அழுதுக்குனு இருந்தானுங்க" என்றான்.

கொளஞ்சி ஆறு பேரின் கழுத்துப்பட்டையையும் வழக்கப்படி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் வெறுமையாக இருந்தன. அவள் படகைக் கரைக்கு இழுத்து, முதலில் இறங்கினவனின் கையைப் பிடித்து, "நம்ம ஊடு கடைசித் தெருவுல இருக்கு, நடங்க" என்றாள்.